தரையிலிருந்து சுவருக்கு: அழியும் கலைகள் விலைப்பொருளாதல் பற்றிய ஒரு நோக்கு

கலைப்பொருள் என்றதும் நிலைத்து நிற்கும் பொருளொன்றே நம் மனக்கண்முன் தோன்றுகின்றது. கோயிற் சிற்பம், பள்ளிவாசலின் மினாரா, ஏட்டுச்சுவடி, செப்புத் திருமேனி ஆகிய யாவும் ஆக்கியோர் மறைந்த பின்னும் வாழ்பவை. ஆயின், பெருமுயற்சியுடன் ஆக்கி, ஆக்கிய அன்றே தம் கையால் அழித்துவிடும் கலைகளும் உலகின் பல பகுதிகளில் உள்ளன. அவற்றை ஆக்குவோர் அழிவினைக் குறையாகக் கருதுவதில்லை; அழித்தலோடுதான் ஆக்கம் முற்றுப்பெறுகின்றது என்பதே அவர்தம் கொள்கை. அத்தகைய கலைகள் சில கடந்த நூறாண்டுக் காலத்தில் தரையை விட்டெழுந்து, சட்டமிடப்பட்டு, சுவரில் தொங்கும் விலைப்பொருள்களாயின. அம்மாற்றம் நிகழ்ந்த வகையினையும், அதனால் ஆக்கியோர் பெற்றதும் இழந்ததும் யாவை என்பதனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சி நமக்குத் தொலைவானதன்று. காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே வயல்களும் நீர்நிலைகளும் சூழ அமைந்துள்ள மாவடிப்பள்ளி முதலாகக் கல்முனைக் கரையோர ஊர்கள் பலவற்றின் முஸ்லிம் பெண்கள் பன்பாய் இழைத்தலில் கைதேர்ந்தவர்கள். பாய் தரைக்குரிய பொருள். படுக்கவும் தொழவும் விருந்தினரை இருத்தவும் விரிக்கப்படுவது; நைந்ததும் கழிக்கப்படுவது. பிளாஸ்திக் பாய் மலிந்த பின்னர் பன்பாயின் தேவை அருகிவிட்டது. இந்நிலையில், சிறு பாய்களை அலங்காரப் பொருள்களாக இழைத்து நகரத்தாருக்கும் வெளிநாட்டாருக்கும் விற்றால் என்ன என்னும் கேள்வி நம்மவரிடையே அவ்வப்போது எழுகின்றது. இக்கேள்விக்கு விடைகாணுமுன், அவ்வழியே முன்னர் நடந்து சென்ற மக்களின் அனுபவத்தை அறிந்துகொள்ளுதல் பொருத்தமாகும். அவ்வனுபவத்தை மிகத் தெளிவாகக் காட்டுவோர் இருவர்: வட அமெரிக்காவின் நவஹோ மக்களும், பீகாரின் மிதிலைப் பெண்களும்.

1. எழுதி அழிக்கும் மரபு

தரையில் எழுதி அழித்தல் தமிழருக்குப் புதியதன்று. விடியற்காலையில் வாசலில் அரிசிமாவினால் இடும் கோலம், நடப்போர் காலடியிலும் எறும்பின் வாயிலும் அன்றே மறைகின்றது. மறுநாட் காலையில் வேறொரு கோலம் அவ்விடத்தை நிரப்பும். நேற்றைய கோலத்தைக் காத்து வைத்தல் எவர் எண்ணத்திலும் தோன்றுவதில்லை.

கேரளத்துக் களமெழுத்து இதனினும் விரிவான சடங்கு சார்ந்தது. வெள்ளைக்கு அரிசிமாவு, கருமைக்கு உமிக்கரி, மஞ்சளுக்கு மஞ்சட்பொடி, சிவப்புக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த பொடி, பச்சைக்கு உலர்த்திப் பொடித்த இலை என ஐவகைப் பொடிகளாற் பத்திரகாளி, நாகங்கள் முதலிய உருவங்கள் தரையில் எழுதப்படுகின்றன. பல மணிநேரம் முயன்று எழுதிய களத்தைப் பாட்டும் வழிபாடும் முடிந்தபின் ஆடிவருபவர் தம் காலாலும் கைக்குருத்தோலையாலும் அழித்துவிடுவார். அப்பொடியே அன்பர்களுக்குப் பிரசாதமாகின்றது. எழுத்து அழியும்போதுதான் அதனுள் நின்ற ஆற்றல் மக்களைச் சென்றடைகின்றது என்பது இதன் உட்கருத்து. இக்கருத்தினை மனத்திற்கொண்டு நவஹோ மணலோவியத்தை அணுகுவோமாயின் அஃது அந்நியமாகத் தோன்றாது.

2. நவஹோ மணலோவியம்

நவஹோ மக்கள் ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கே அரிசோனா, நியூ மெக்சிக்கோ, யூட்டா ஆகிய மாநிலங்கள் சந்திக்கும் வறண்ட மேட்டுநிலத்தில் வாழ்பவர்கள். தம்மைத் ‘தினே’ என அழைத்துக்கொள்வர். நோய் என்பது உடலின் ஒரு பகுதிக்கு நேர்ந்த கேடு மட்டுமன்று. மனிதனுக்கும் அவனைச் சூழ்ந்த உலகுக்கும் இடையே இருக்கவேண்டிய இசைவு குலைந்தமையின் விளைவு என்பது அவர்தம் கொள்கை. அழகு, நலம், ஒழுங்கு, இசைவு என நாம் வெவ்வேறு சொற்களாற் சுட்டும் அனைத்தையும் ‘ஹோஜோ’ என்னும் ஒரே சொல் அவர்கள் மொழியிற் குறிக்கின்றது. குலைந்த இசைவை மீட்பதற்கு நிகழ்த்தப்படும் சடங்குகள் சில ஒன்பது இரவுகள் வரை நீள்வன. அவற்றை நடத்துபவர் ‘ஹதாலி’ எனப்படுவார்; பாடுபவர் என்பது அதன் பொருள். நூற்றுக்கணக்கான பாடல்களையும் அவற்றுக்குரிய ஓவியங்களையும் ஏட்டின் துணையின்றி நினைவிற் கொண்டவர் அவர்.

சடங்கின் ஒரு கட்டத்தில், ‘ஹோகன்’ எனப்படும் குடிலின் தரையில் மெல்லிய மணல் பரப்பப்படும். பொடித்த செம்மணற்கல், மஞ்சட் காவிமண், வெள்ளை ஜிப்சம், மரக்கரி முதலியவற்றை உதவியாளர் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்துச் சிறிது சிறிதாக உதிர்த்து உருவங்களை எழுதுவர். சோளமாவும் பூந்தாதும் சில இடங்களிற் பயன்படும். தெய்வ உருவங்கள், நாற்றிசை மலைகள், சோளம், அவரை, பூசணி, புகையிலை ஆகிய நான்கு புனிதச் செடிகள், ஓவியத்தை மூன்று பக்கமும் வளைத்துக் காக்கும் வானவில் என்பன இவற்றிற் காணப்படும். கிழக்குப் பக்கம் மட்டும் திறந்திருக்கும். ஓவியத்திற்கு அவர்கள் மொழியில் வழங்கும் பெயர், தெய்வங்கள் வந்து செல்லும் இடம் என்னும் பொருளுடையது. ஆகவே அது பார்ப்பதற்கான படமன்று, வாயில் ஆகும்.

ஓவியம் முற்றுப்பெற்றதும் நோயாளி அதன்மீது அமர்த்தப்படுவார். தெய்வ உருவின் பாதத்து மணலை எடுத்து நோயாளியின் பாதத்திலும், தோளின் மணலைத் தோளிலும் ஹதாலி ஒற்றுவார். தெய்வத்தின் ஆற்றல் நோயாளியை அடைகின்றது. நோயின் தீமையை மணல் ஏற்றுக்கொள்கின்றது. எனவே அம்மணலை அங்கு விட்டுவைத்தல் கேடாகும். பகலில் எழுதியதைப் பொழுது சாயுமுன்னும், இரவில் எழுதியதை விடியுமுன்னும் அழித்து, மணலை வெளியே கொண்டுசென்று இடுவர். நிலையான பொருளில் இவ்வுருவங்களை எழுதி வைத்தல் எழுதியவருக்கும் ஊருக்கும் தீங்கு பயக்கும் என்னும் அச்சம் இதனின்றும் தோன்றியதே.

இத்தகைய கலை எங்ஙனம் விலைப்பொருளாயிற்று? படையில் மருத்துவராகப் பணியாற்றிய வாஷிங்டன் மத்தியூஸ் 1880களில் இச்சடங்குகளை நேரிற் கண்டு, மலைப்பாட்டுச் சடங்கு பற்றிய தம் நூலை 1887இல் வெளியிட்டார். வெளியுலகம் இவ்வோவியங்களைப் படமாகக் கண்டது அதன்வழியேயாகும். எனினும் முதற்பெரும் மீறல் நவஹோ மரபின் உள்ளிருந்தே வந்தது. ஹதாலியாகவும் நெசவாளராகவும் விளங்கிய ஹொஸ்தீன் கிளா (1867-1937), மணலோவிய உருவங்களைக் கம்பளத்தில் நெய்யத் தொடங்கினார். நவஹோ மக்களிடையே நெசவு பெரும்பாலும் பெண்களின் தொழிலாகும், மணலோவியமோ அழிதற்குரியது. இரு வரம்புகளையும் ஒருங்கே கடந்த அவரது செயல் எதிர்ப்பைத் தோற்றுவித்தது. தமக்குப்பின் இவ்வறிவு அற்றுப்போகும் என அவர் அஞ்சியமையே இதற்குக் காரணமாகும். பயிற்றிவந்த மாணவர் இறந்துபடவே அவ்வச்சம் வலுத்தது. பொஸ்டன் நகரச் செல்வக்குடியிற் பிறந்த மேரி கபொட் வீல்ரைட் என்னும் பெண்மணியுடன் இணைந்து பாடல்களையும் ஓவியங்களையும் பதிவுசெய்தார். அவர் மறைந்த 1937ஆம் ஆண்டிலேயே சாந்தா ஃபே நகரில் அதற்கென அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. அதே அருங்காட்சியகம் 1977இல் தன்னிடமிருந்த புனிதச் சடங்குப் பொருள்களை நவஹோ மக்களிடம் திருப்பி ஒப்படைத்தமை ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. சேகரித்தோரே சேகரிப்பின் எல்லையை உணர்ந்தமைக்கு இஃதொரு சான்றாகும்.

1941இல் நியூயோர்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நடைபெற்ற கண்காட்சியில் நவஹோ ஓவியர்கள் பார்வையாளர்முன் மணலோவியம் எழுதிக் காட்டினர். தரையில் துணியை விரித்து அதன்மேல் வண்ணத்தைச் சொட்டவிடும் முறையைப் பின்னர் கையாண்ட ஓவியர் ஜாக்சன் பொல்லொக் அதனைக் கண்டோருள் ஒருவர். மேலை நாட்டு நவீன ஓவியத்தின் ஒரு திருப்பத்துக்கு இம்மக்களின் தரையோவியமும் தூண்டுதலாயிற்று.

1950களில் ஹதாலியான பிரெட் ஸ்டீவன்ஸ் என்பவர் மரப்பலகையிற் பசை பூசி, அதன்மேல் வண்ணப்பொடியை உதிர்த்து, அழியாத மணலோவியங்களை ஆக்கும் முறையினைப் பரப்பினார். நியூ மெக்சிக்கோவின் ஷீப் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூர் 1970களில் இத்தொழிலின் நடுவிடமாயிற்று. கணவன், மனைவி, பிள்ளைகள் எனக் குடும்பமாக இருந்து கல்லைப் பொடித்து, சலித்து, பலகையை மணலிட்டு, உருவம் எழுதினர். வீதியோரக் கடைகளில் விற்கப்படும் கையளவுப் பலகை முதல், சேகரிப்போர் பெருந்தொகை கொடுத்து வாங்கும் பெரும்படம் வரை பல தரத்தன தோன்றின. நான்சி பரேசோ 1983இல் வெளியிட்ட ஆய்வுநூல் இம்மாற்றத்தின் வரலாற்றை விரிவாகக் கூறுகின்றது.

இங்கு நாம் ஆழ்ந்து நோக்கவேண்டிய செய்தியொன்று உண்டு. விற்பனைக்கென எழுதுவோர் சடங்குக்குரிய ஓவியத்தை அவ்வண்ணமே எழுதுவதில்லை. ஒரு நிறத்தை மாற்றுவர், ஓர் உருவத்தை விடுப்பர், எண்ணிக்கையைக் குறைப்பர். அம்மாற்றத்தினால் அது தெய்வங்கள் இறங்கும் வாயிலாகாது, வெறும் படமாக நின்றுவிடுகின்றது. வாங்குபவர் கண்ணுக்கு அவ்வேறுபாடு புலப்படாது. எழுதியவர் மனம் அறியும். காலப்போக்கில் சடங்கோடு தொடர்பற்ற நிலக்காட்சி, மட்கலம், மனித முகம் ஆகியனவும் மணலால் எழுதப்பட்டன. ஹோகனின் உள்ளே உண்மையான ஓவியம் முன்போலவே எழுதப்பட்டு அழிக்கப்படுகின்றது. விற்பனை எங்கே தொடங்குகின்றது, புனிதம் எங்கே நிற்கின்றது என்னும் கோட்டினை ஆக்குவோரே கிழித்துக்கொண்டனர் எனலாம். அக்கோடு எல்லோருக்கும் உவப்பாயிற்று என்பதற்கில்லை. விற்பனையை முற்றாக வெறுத்த முதியோரும் இருந்தனர். ஆயினும் கோடு கிழிக்கும் உரிமை வணிகரிடம் செல்லவில்லை.

3. மிதிலையின் சுவரும் தாளும்

பீகாரின் வடபகுதியும் நேபாளத்தின் தென்பகுதியும் சேர்ந்த மிதிலை நாட்டிற் பெண்கள் இரண்டு இடங்களில் ஓவியம் எழுதினர். ஒன்று தரை: அரிசியை அரைத்த குழம்பினால் இடும் ‘அரிபன்’ நம் மாக்கோலத்தினை ஒத்தது. மற்றொன்று சுவர்: மணமக்கள் முதலிரவுகளைக் கழிக்கும் ‘கோபர்’ அறையின் மண்சுவரில் மூங்கிலும் தாமரையும் கிளியும் மீனும் நிறைந்த ஓவியத்தை மணவீட்டுப் பெண்கள் கூடிப் பாடிக்கொண்டே எழுதுவர். மழையிலும் மெழுகலிலும் அஃது அழியும். அடுத்த மணத்துக்கு மீண்டும் எழுதப்படும். எழுதியவர் பெயர் எங்கும் இராது.

1934 சனவரி 15இல் பீகாரைக் குலுக்கிய பெரும் நிலநடுக்கத்தில் வீடுகள் பிளந்தன. சேதத்தைப் பார்வையிடச் சென்ற ஆங்கிலேய அதிகாரி வில்லியம் ஆர்ச்சர், பிளந்த சுவர்களின் உட்புறத்தே இவ்வோவியங்களைக் கண்டு வியந்தார். அந்தப்புரத்துக் கலை வெளியுலகின் கண்ணிற் பட்டதற்கு ஓர் அழிவே காரணமாயிற்று. 1949இல் ‘மார்க்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை அதனைக் கலையுலகுக்கு அறிமுகப்படுத்தியது.

தாளுக்கு மாறியதற்கும் ஓர் இடரே காரணம். 1966-67இல் பீகார் கடும் வறட்சிக்கு உட்பட்டது. அகில இந்தியக் கைவினைச் சபையின் புபுல் ஜயகர், மும்பை ஓவியர் பாஸ்கர் குல்கர்ணியை மதுபனிப் பகுதிக்கு அனுப்பி, சுவரில் எழுதுவதைத் தாளில் எழுதித் தருமாறு பெண்களைக் கேட்கச் செய்தார். பட்டினி தீர்க்கும் வழியாகத் தொடங்கிய அம்முயற்சியே இன்று உலகெங்கும் அறியப்பட்ட மதுபனி ஓவியத்தின் பிறப்பாகும்.

இதனால் விளைந்த நன்மைகள் மறுத்தற்கரியன. முன்னர் வீட்டுவாயிலைத் தாண்டாத பெண்கள் தம் பெயரால் அறியப்பட்டனர். ஜகதம்பா தேவி 1975இலும், சீதா தேவி 1981இலும், கங்கா தேவி 1984இலும் பத்மஸ்ரீ விருது பெற்றனர். தொடக்கத்திற் பிராமண, காயஸ்தப் பெண்களின் கையிலிருந்த இக்கலையில், ஒடுக்கப்பட்ட துசாத் சாதிப் பெண்களும் தம் உடலிற் பச்சைகுத்தும் உருவங்களை அடிப்படையாகக் கொண்ட புதிய பாணியொன்றுடன் இடம்பெற்றனர். சாதியாற் பூட்டப்பட்டிருந்த சுவரைத் தாள் திறந்துவிட்டது. கங்கா தேவி அமெரிக்கா சென்று மீண்டபின், அங்குக் கண்ட காட்சிகளையும் தம் கோட்டோவிய முறையிலேயே எழுதினார். மரபு புதுப்பொருளைத் தாங்கவல்லது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இழப்புகளும் உள. மணநாளின் பொருட்டு ஒருமுறை எழுதிய ஓவியத்தை வணிகர் நூறுமுறை கேட்டனர். விரைந்து எழுதுமாறும், விற்கும் உருவத்தையே மீண்டும் மீண்டும் எழுதுமாறும் வற்புறுத்தினர். எழுதியவருக்குக் கிடைத்த விலைக்கும் நகரக் கடையின் விலைக்கும் இடையே பெரும் பள்ளம் இருந்தது. பலர் கூடிப் பாடி எழுதியது ஒருவர் தனித்திருந்து எழுதுவதாயிற்று. இங்குக் கோட்டினைக் கிழித்தவர் பெரும்பாலும் இடைத்தரகரே.

நிலைபேறு பற்றிய நம் மயக்கத்தைத் தெளிவிக்கும் நிகழ்ச்சியொன்றையும் இங்குக் கூறவேண்டும். 1991இல் மறைந்த கங்கா தேவி, தம் இறுதிக்காலத்தில் நோயுடன் போராடிக்கொண்டே தில்லியின் கைவினை அருங்காட்சியகத்தில் ஒரு கோபர் அறையை எழுதினார். காத்து வைத்தற்கென்றே எழுதிய அவ்வோவியம், பின்னர் நடைபெற்ற கட்டடச் சீரமைப்பின்போது அழிக்கப்பட்டமை 2015இல் வெளிப்பட்டுக் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. சிற்றூர்ச் சுவரில் அழிந்த கோபரை அடுத்த மணத்துக்கு எழுத ஆட்கள் இருந்தனர். அருங்காட்சியகத்தில் அழிந்ததை மீள எழுதுவார் இலர். எழுதத் தெரிந்த கைகள் இருக்கும்வரை அழிவு அழிவன்று. கைகள் இல்லாதபோது சுவரும் காப்பன்று.

4. நம் நாட்டின் சான்று

நோய்தீர்க்கும் சடங்கின் கருவி அலங்காரப் பொருளாதலுக்கு இலங்கையிலேயே சான்று உண்டு. தென்கரையின் அம்பலாங்கொடை முகமூடிகளை அறியாதார் இலர். பதினெட்டுச் சன்னிப் பேய்களை ஆட்டி நோயினை விரட்டும் சடங்கில் இம்முகமூடிகள் அணியப்பட்டன. கதுரு மரத்தின் மென்மையான கட்டையிற் செதுக்கி, ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு முகம் படைத்தனர். அச்சமூட்டும் பேய் வெளிச்சத்துக்கு வந்து, நகைப்புக்கு உள்ளாகி, அடங்கிச் செல்லும் அந்நாடகம் நோயாளியின் உளத்துக்கும் மருந்தாவதைப் பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 1969இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கியுள்ளார். இன்று அம்முகமூடிகள் உல்லாசப் பயணிகளுக்காகப் பளபளக்கும் வண்ணம் பூசி விற்கப்படுகின்றன. அவற்றுட் பெரிதும் விற்பனையாவன நோயின் முகங்களல்ல; நாகம் படமெடுத்தாடும் இராட்சத முகங்களே. வாங்குபவரின் விருப்பம் எந்த முகம் பிழைக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றது.

5. பயனும் விலையும்

மேற்கூறியவற்றை ஒருங்கு நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. ஒரு பொருளுக்குப் பயன்பாட்டுப் பெறுமானம், பரிவர்த்தனைப் பெறுமானம் என இரண்டு உண்டு என்பது பொருளியலின் பாலபாடம். சடங்குக் கலையில் இவ்விரண்டுக்கும் மேலாக மூன்றாவது ஒன்று உண்டு. அது செய்தலின் பெறுமானம். நவஹோ ஓவியத்தின் சிறப்பு மணலில் இல்லை. நினைவிலிருந்து உதிர்க்கும் விரலிலும் அவ்வேளையிற் பாடும் பாட்டிலும் உள்ளது. கோலத்தின் சிறப்பு மாவில் இல்லை. வைகறையிற் குனிந்து நிற்கும் பெண்ணின் கணக்கில் உள்ளது. சந்தை வாங்கக்கூடியது பொருளை மட்டுமே. செய்தலை அது வாங்குவதில்லை. ஆகவே சந்தையிடம் பொருளை விற்பதாற் கலை கெடுவதில்லை. செய்தலையும் சந்தையின் கட்டளைக்கு ஒப்படைக்கும்போதுதான் கெடுகின்றது.

6. பன்பாயும் நாமும்

இனி நம் ஊர்ப்பாய்க்கு வருவோம். பன்பாய் புனித ஓவியமன்று. அதனை விற்பதற்கோ சுவரில் மாட்டுவதற்கோ நம் சமயத்திலோ வழக்கிலோ தடையில்லை. உயிருருவங்களை விடுத்து, கட்டம், சாய்வுக்கோடு, அலை என இழையின் போக்கிலேயே பிறக்கும் வடிவங்களே அதன் அழகு. ஆதலின் நவஹோ மக்களைப் போல் மறைபொருளைக் காக்கும் கடமை நமக்கில்லை. ஆனால் செய்தலைக் காக்கும் கடமை உண்டு.

நீர்நிலையிற் பன் வெட்டுதல், வெயிலில் உலர்த்துதல், பதப்படுத்துதல், சாயமிடுதல், தரையில் இருந்து மூலையிலிருந்து இழைத்து வருதல் ஆகிய ஒவ்வொன்றிலும் எழுதப்படாத கணக்கொன்று உள்ளது. எந்நிறத்தை எத்தனை இழைக்குப்பின் மாற்றினால் எந்த வடிவம் வரும் என்பதைத் தாயின் அருகிருந்து மகள் பார்த்தே கற்கின்றாள். இதற்கு நம் குடிவழக்கமும் துணையாயிற்று. மிதிலையில் மணமான பெண் தன் வீட்டு வடிவங்களை நினைவிற் சுமந்து புகுந்த வீடு செல்கின்றாள். நம் கரையோர ஊர்களிலோ பெண்ணுக்கு வீடு கொடுத்து மருமகனை அழைத்துக்கொள்ளும் வழக்கம் நிலவுவதால், தாயும் பெண்மக்களும் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவுகளிலோ வாழ்கின்றனர். ஒரு திண்ணையில் உம்மாவும் மூத்தம்மாவும் பேத்தியும் இருந்து பாய் இழைக்கும் வாய்ப்பு அதனால் அமைந்தது. பாயின் வடிவங்கள் தலைமுறை கடந்து வந்தமைக்கு இவ்வமைப்பும் ஒரு காரணம் எனக் கருதுகிறோம். இன்று வீடுகள் அவ்வாறே உள்ளன. திண்ணையில் இருந்து இழைப்போர்தாம் குறைந்துவிட்டனர்.

பாய்த்தொழில் வழியே நடந்து வெற்றிகண்ட தமிழ் முஸ்லிம்களின் எடுத்துக்காட்டு ஒன்று பாக்குநீரிணைக்கு அப்பால் உண்டு. திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் லெப்பை முஸ்லிம்கள், தாமிரபரணிக் கரையின் கோரையை நீரில் ஊறவைத்து, நுண்ணிய கீற்றாகக் கிழித்து, பருத்தி நூலிலும் பட்டு நூலிலும் கோத்துப் பட்டுப்பாய் நெய்கின்றனர். துணிபோல் மடிக்கத்தக்க அப்பாய் இன்று சேகரிப்போர் விரும்பும் பொருளாகும். புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. ஆயினும் அதன் நிலைபேற்றுக்குச் சேகரிப்போர் மட்டும் காரணரல்லர். மணமக்களின் பெயரும் மணநாளும் நெய்த பாயினைத் திருமணத்திற்கு வழங்கும் வழக்கம் அந்நாட்டில் மதவேறுபாடின்றி நிலவுகின்றது. சுவருக்குப் போன பின்னும் அப்பாய் தரையைக் கைவிடவில்லை. பயனும் விலையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கன சிலவே. முதலாவது, அலங்காரப் பாயினை இழைப்பதாயின் அதன் அளவையும் வடிவத்தையும் விலையையும் இழைக்கும் பெண்களே கூடித் தீர்மானித்தல் வேண்டும். வடிவத்தைத் தரகர் தீர்மானிக்கும் நாளில் நம் பாயும் அம்பலாங்கொடையின் இராட்சத முகமாகிவிடும். இரண்டாவது, இழைத்தவர் பெயர் பாயுடன் செல்லவேண்டும். மிதிலைப் பெண்களை உயர்த்தியது ஓவியத்தின் மூலையில் அவர்கள் இட்ட கையொப்பமே. மூன்றாவது, நம் வீட்டுத் திருமணங்களிலும் மார்க்க வைபவங்களிலும் பன்பாய்க்கு மீண்டும் ஓர் இடம் வேண்டும். நாம் விரிக்காத பாயைப் பிறர் மாட்டி வைப்பதால் அது வாழாது. இவையனைத்துக்கும் அடிப்படையாக, பன் வளரும் நீர்நிலைகள் நிரப்பப்படாமலும் குப்பை கொட்டப்படாமலும் காக்கப்படவேண்டும். மணலின்றி மணலோவியம் இல்லை. பன்னின்றிப் பாய் இல்லை.

நவஹோ முதியவர் தாம் எழுதிய பேரோவியத்தை அன்றே அழித்துவிட்டு அமைதியாக எழுந்து செல்கின்றார். அடுத்த முறை எழுதுவதற்குத் தம் நினைவும் தம் மாணவனின் விரலும் உள என்னும் நம்பிக்கையே அவ்வமைதிக்குக் காரணம். நம் கரையோரத்துப் பாய்களை அருங்காட்சியகத்திற் சேர்ப்பதும், கடைகளில் அழகாகத் தொங்கவிடுவதும் வரவேற்கத்தக்கனவே. ஆயின் அவற்றினும் முந்திச் செய்யவேண்டியது, பன்னும் சாயமும் கொடுத்து ஒரு சிறுமியை அவளுடைய மூத்தம்மாவின் அருகே இருத்துதலாகும்.